அமைச்சராக இருந்து நீதிபதியானவர்: வி.ஆர். கிருஷ்ணய்யர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்சி அரசியலில் இருந்த ஒருவரை நீதிபதி ஆக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும் பெயர் வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆதரித்துப் பேசுவோரும் எதிர்த்துப் பேசுவோரும் அவரையே உதாரணம் காட்டுவார்கள். சட்ட மாணவர்களும் போட்டித் தேர்வு எழுதுவோரும் பொது வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அவர் யார்? வாழ்க்கைப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்துத் தமிழ்க் குடும்பம். பிறந்தது 1915 நவம்பர் 15. தந்தை ராமய்யர் வக்கீல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் படித்தார். 1930களின் கடைசியில் மலபாரின் தலைச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். விவசாயிகள், தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தொண்டர்கள் ஆகியோரின் வழக்குகள் அவரைத் தேடி வந்தன. 1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சொல்லி அவரையே பிடித்து ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள்.

1952ல் கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1957ல் தலைச்சேரியில் வென்று, கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1968ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971 முதல் 1973 வரை, பி.பி. கஜேந்திரகட்கர் தலைமையிலான சட்ட ஆணையத்தில் உறுப்பினர். 1973 ஜூலை 17 முதல் 1980 நவம்பர் 14 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் காலமானார்.

அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா?

தேர்தல்களில் அவர் சுயேச்சையாக நின்றார். 1957ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அவரை ஆதரித்தது. பல கட்டுரைகள் போகிறபோக்கில் அவரைக் கட்சி வேட்பாளர் என்று எழுதிவிடுகின்றன. அது தவறு. ஆனால் கட்சி அட்டை இல்லை என்பதை வைத்து அவரை அரசியல் சார்பற்றவர் என்று காட்ட முயல்வதும் சரியில்லை. கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமர்ந்தவர், இடதுசாரிச் சிந்தனையை ஒருநாளும் மறைக்காதவர்.

அமைச்சராக என்னென்ன துறைகளைக் கவனித்தார்? அந்த அனுபவம் தீர்ப்புகளில் தெரிகிறதா?

சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், பாசனம், சமூக நலம், உள்நாட்டு நீர்ப் போக்குவரத்து ஆகிய பொறுப்புகள் அவரிடம் இருந்தன. அமைச்சரவை 1957 ஏப்ரல் 5ல் பதவியேற்றது. 1959 ஜூலை 31ல் அரசியல் சட்டத்தின் 356வது பிரிவின்கீழ் மத்திய அரசு அதைக் கலைத்தது. மொத்தம் இரண்டே கால் ஆண்டு.

இந்தக் குறுகிய காலம் பின்னாளில் நன்றாகவே தெரிகிறது. சிறைத் துறையைப் பொறுத்தவரை அவர் மூன்று பக்கமும் பார்த்தவர்: 1948ல் உள்ளே இருந்தார், 1957ல் அந்தத் துறைக்கு அமைச்சர் ஆனார், 1978ல் கைதிகளின் மனுக்களை நீதிபதியாக விசாரித்தார். ஒரு சிறையில் கண்காணிப்பாளரின் அதிகாரம் எதுவரை போகும், எந்தப் பதிவேட்டில் எது எழுதப்படும், எது எழுதப்படாமல் விடப்படும் என்பதெல்லாம் வெறும் சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. அவருடைய சிறைத் தீர்ப்புகளில் உத்தரவுப் பகுதி இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஆட்சி கலைந்த பிறகு நேராக நீதிபதி ஆகிவிட்டாரா?

இல்லை, இடையில் ஒன்பது ஆண்டுகள் ஓடின. 1959ல் மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து வாதாடப் போனார். 1960 தேர்தலில் தலைச்சேரியில் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்தல் மனு போட்டு, சட்டப்படி அந்த இடத்தைப் பெற்றார். 1965 தேர்தலில் தோற்றார். அதன்பிறகு முழுநேர வக்கீல். கடைசியாகத் தேர்தலில் நின்றதற்கும் நீதிபதி ஆனதற்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருந்தன.

அரசியல்வாதி நீதிபதி ஆகச் சட்டத்தில் தடை இருக்கிறதா?

தடை எதுவும் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அரசியல் சட்டத்தின் 217வது பிரிவு கேட்பது மூன்று: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், பத்து ஆண்டுகள் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும், 62 வயது நிரம்பியிருக்கக் கூடாது. உச்ச நீதிமன்றத்துக்கு 124வது பிரிவு. ஐந்து ஆண்டுகள் உயர் நீதிமன்ற நீதிபதி, அல்லது பத்து ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழக்கறிஞர், அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் சிறந்த சட்ட அறிஞர். ஓய்வு வயது 65.

கட்சி, தேர்தல், அமைச்சர் பதவி பற்றி இந்தப் பிரிவுகளில் ஒரு சொல் கிடையாது. நீதிபதியாக இருந்துகொண்டே சட்டமன்ற உறுப்பினராக நீடிக்க முடியாது, அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தகுதி வேறு, பொருத்தம் வேறு என்று உச்ச நீதிமன்றம் மகேஷ் சந்திர குப்தா வழக்கில் 2009ல் பிரித்துச் சொன்னது. பத்து ஆண்டு வக்கீல் தொழில் உண்டா என்பது தகுதி. அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். இவர் இந்த இருக்கைக்கு ஏற்றவரா என்பது பொருத்தம். அதை முடிவு செய்வது நியமனத்துக்காகக் கலந்தாலோசிப்பவர்களின் வேலை, வழக்குப் போட்டு மாற்ற முடியாது. அரசியல் பின்னணி எப்போதும் இரண்டாவது கட்டத்தில் வரும். எனவே ஒருவரின் கட்சித் தொடர்பை எதிர்ப்பவர்கள் தங்கள் ஆட்சேபத்தைப் பெயர் பரிசீலனையில் இருக்கும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நியமன ஆணை வந்த பிறகு நீதிமன்றப் படியேறினால் பெரும்பாலும் பயன் இருக்காது.

1968ல் அவரை நியமித்தது யார்? கம்யூனிஸ்ட் அரசா?

நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அதாவது நடைமுறையில் அன்றைய மத்திய காங்கிரஸ் அரசு. கேரளத்தில் 1967 மார்ச் முதல் இ.எம்.எஸ். மீண்டும் முதலமைச்சர். அந்நாளைய முறைப்படி உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஆளுநர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகியோரின் கருத்தைக் கேட்டே ஆணை வெளிவரும். ஆக, எதிரெதிர் அணிகள் ஆண்ட இரண்டு அரசுகளின் கைகளையும் கடந்துதான் அந்தக் கோப்பு போயிருக்கிறது. ஒரு கட்சி தன் ஆளைக் கொண்டுபோய் உட்கார வைத்தது என்று இதை எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு அது ஒரு காரணம்.

இன்று ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் வந்தால் கோப்பு எப்படி நகரும்?

1993, 1998 தீர்ப்புகளுக்குப் பிறகு, மூத்த நீதிபதிகள் குழுவே பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை வந்துவிட்டது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளுடன் பேசிப் பெயரைப் பரிந்துரைப்பார். அது முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் போகும். மாநிலம் ஆறு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் அறிக்கை. கட்சிப் பொறுப்பு, வழக்குகள், பொது மேடைப் பேச்சு எல்லாம் அதில் வரும். பிறகு இந்தியத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பார்ப்பார்கள். அவர்கள் ஏற்றால் சட்ட அமைச்சர், பிரதமர், குடியரசுத் தலைவர் என்று போய் ஆணை வரும்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கால வரம்பும் சொன்னது: ஐ.பி. அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம், மத்திய அரசு கோப்பை அனுப்ப 8 முதல் 12 வாரம், கொலீஜியம் ஒருமனதாகத் திரும்ப வலியுறுத்திய பெயருக்கு 3 முதல் 4 வாரத்தில் நியமனம். நடைமுறையில் கோப்புகள் இதையெல்லாம் தாண்டி மாதக்கணக்கில் கிடப்பது உண்டு. இந்த முறையின் பெரிய குறை இதைவிட வேறு: ஐ.பி. அறிக்கையில் என்ன இருந்தது, கொலீஜியம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பது பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. அரசியல் பின்னணி உள்ளவர்களின் விஷயத்தில் இந்த மறைவு சந்தேகத்தையே வளர்க்கிறது.

1973ல் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தியபோது வக்கீல்கள் ஏன் எதிர்த்தார்கள்?

காலத்தைக் கவனியுங்கள். 1973 ஏப்ரல் 24ல், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு. அடுத்த நாளே ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினார்கள். நாடாளுமன்றத்தில் அந்த முடிவை ஆதரித்துப் பேசியவர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், ப. சுப்பராயனின் மகன், சென்னை மாகாணத்தில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கலாம் என்பது அவர் வாதம்.

அந்தச் சூடு ஆறும் முன்னரே, ஜூலையில், கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர் உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறார் என்றால் வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? பம்பாய் வக்கீல்கள் உள்ளிட்ட பலர் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசுக்குச் சாதகமான நீதிபதிகளைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் அச்சம். எதிர்த்தவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அன்றைய நிலையில் அந்த அச்சம் நியாயமானதே என்று நினைக்கிறோம். அது பொய்த்துப்போனது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் யாரும் சொல்லியிருக்க முடியும்.

1975 ஜூன் 24ல் என்ன நடந்தது?

1971 தேர்தலில் ரேபரேலியில் இந்திரா காந்தி வென்றதை எதிர்த்து ராஜ் நாராயண் தேர்தல் மனு போட்டிருந்தார். 1975 ஜூன் 12ல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா வெற்றியைச் செல்லாததாக்கினார். காரணம் இரண்டு: உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகளைக் கொண்டு மேடையும் ஒலிபெருக்கி வசதியும் செய்தது, அரசுப் பணியில் இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது. ஆறு ஆண்டு தேர்தல் தகுதியிழப்பும் சேர்ந்தது. மேல்முறையீட்டுக்காக 20 நாள் அவகாசம் கொடுத்தார்.

உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாகத் தனியே அமர்ந்திருந்தவர் கிருஷ்ணய்யர். மத்திய சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து நேரில் சந்திக்க விரும்பியதாகவும், மேல்முறையீடு என்றால் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லி மறுத்துவிட்டதாகவும் கிருஷ்ணய்யரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 23ஆம் தேதி விசாரணை. இந்திராவுக்காக நானி பல்கிவாலா. எதிர்த்து சாந்தி பூஷண். முழுத் தடை வேண்டும் என்பது கோரிக்கை.

24ஆம் தேதி வந்த உத்தரவை மூன்று கூறாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் செயலாக்கம் மேல்முறையீடு முடியும்வரை நிறுத்தப்படுகிறது. அவர் மக்களவை உறுப்பினராகத் தொடரலாம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடலாம். இரண்டு, உறுப்பினர் என்ற முறையில் அவையில் வாக்களிக்கவோ சம்பளம் பெறவோ கூடாது. மூன்று, பிரதமர் என்ற முறையில் அரசியல் சட்டத்தின் 88வது பிரிவு தரும் உரிமையால் இரு அவைகளிலும் பேசலாம், வாக்கு மட்டும் கிடையாது.

மக்கள் பிரதிநிதிகளின் தேர்தல் மேல்முறையீடுகளில் அன்று வழக்கமாகத் தரப்பட்ட நிபந்தனைகள்தான் இவை. பிரதமர் என்பதற்காகக் கூடுதலாகவும் கொடுக்கவில்லை, குறைத்தும் கொடுக்கவில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை. அதன்பின் தேர்தல் சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. நவம்பர் 7ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மேல்முறையீட்டை ஏற்றது. அந்த அமர்வில் கிருஷ்ணய்யர் இல்லை.

முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலை வந்திருக்காது என்று ஒரு சாராரும், தடையே கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு சாராரும் இன்றுவரை அவரைக் குறை சொல்கிறார்கள். ஒரே உத்தரவு இரு பக்கத்தையும் கோபப்படுத்தியது. அது கட்சி பார்த்து எழுதப்பட்டதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சாதாரண மக்களுக்குப் பயன்பட்ட தீர்ப்புகள் எவை?

ஜாமீனிலிருந்து தொடங்கலாம். மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு, 1978. மோதி ராம் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றம் அவரை ஜாமீனில் விடச் சொல்லிவிட்டது. தொகையை மாஜிஸ்திரேட் முடிவு செய்யட்டும் என்றது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் பிணை நிற்க வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கொத்தனார் உள்ளேயே இருந்தார். மறுபடி உச்ச நீதிமன்றம் வந்தபோது கிருஷ்ணய்யர் சொன்னது: பிணைதாரர் இந்த மாவட்டத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எங்கும் இல்லை, ஏழையிடம் தாங்க முடியாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடச் சொன்னார். வெளியூர்ப் பிணைதாரரை நீதிமன்றம் ஏற்க மறுக்கும்போது வக்கீல்கள் இன்றும் காட்டும் தீர்ப்பு இது. வாய்மொழி மறுப்பு என்றால் மேலே போக முடியாது என்பதால், மறுப்புக்கான காரணத்தை உத்தரவில் எழுதி வாங்குவது முக்கியம்.

சுனில் பத்ரா வழக்குகள் இரண்டு. மாணவர்கள் அவற்றைக் கலந்துவிடுவார்கள். 1978ல் வந்த முதலாவது, மரண தண்டனைக் கைதியைத் தனிமைச் சிறையில் அடைப்பது பற்றியது, ஐந்து நீதிபதிகள். 1979 டிசம்பரில் வந்த இரண்டாவது, திகார் சிறையிலிருந்து பத்ரா எழுதிய கடிதம். சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்தது பற்றி அவர் எழுதியதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். மாவட்ட நீதிபதிகள் சிறைக்குப் போய்ப் பார்ப்பது, கைதிகளுக்குப் புகார்ப் பெட்டி, வக்கீலுடன் தனியே பேசும் வசதி என்று உத்தரவு போகிறது.

ஹோஸ்கோட் வழக்கில், தீர்ப்பின் நகல் கையில் கிடைக்காமல் மேல்முறையீட்டுக் காலம் கடந்துபோன கைதியின் நிலையைப் பார்த்து, சிறைக்கு நகலை இலவசமாக அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும், வசதியற்றவருக்கு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்றும் கூறினார். இலவச சட்ட உதவி பற்றி அவருக்கு முன்னரே தெளிவான திட்டம் இருந்தது. 1973ல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த நிபுணர் குழுவின் தலைவர் அவர்தான். பிரேம் சங்கர் சுக்லா வழக்கு (1980) கைவிலங்கை வழக்கமாகப் பூட்டக் கூடாது என்றது. நந்தினி சத்பதி வழக்கு (1978) விசாரணையில் மௌனம் காக்கும் உரிமையை விரித்தது. அதில் மனுதாரர் ஒரு முன்னாள் முதலமைச்சர். முத்தம்மா வழக்கு (1979) வெளியுறவுப் பணியில் பெண்களுக்கு இருந்த பாகுபாட்டைக் கண்டித்தது.

ரத்லாம் நகராட்சி வழக்கையும் (1980) விடக் கூடாது. திறந்த சாக்கடை, கழிப்பறை இல்லாத தெரு. நிதி இல்லை என்றது நகராட்சி. நிதியில்லை என்பது சட்டக் கடமையிலிருந்து தப்ப வழியாகாது, மாஜிஸ்திரேட் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133வது பிரிவில் உத்தரவிடலாம் என்றார். அரசு நிர்வாகத்தை அமைச்சராக உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும்.

அவருடைய அரசியல் கொள்கை தீர்ப்புகளில் புகுந்துவிட்டது என்கிறார்களே?

புகுந்தது. அதை மறுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் (1978) தொழில் என்ற சொல்லை மிக அகலமாக விரித்தார். மருத்துவமனை, கல்வி நிறுவனம் வரை தொழில் தகராறுச் சட்டத்துக்குள் வந்தன. தொழிலாளர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் எல்லை எங்கே என்ற சண்டை ஓயாமல், 2017ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பும் அளவுக்குப் போனது.

ரங்கநாத ரெட்டி வழக்கில் (1977) தனிச் சொத்தும் சமூகத்தின் பொருள் வளம்தான் என்று எழுதினார். அதை 2024 நவம்பர் 5ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை ஏற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பொருளாதாரக் கொள்கையை அரசியல் சட்டத்துக்குள் திணித்ததாகவே விமர்சித்தது. அந்த விமர்சனத்தின் தொனியை அதே அமர்வில் இருந்த நீதிபதிகள் நாகரத்னாவும் துலியாவும் ஏற்கவில்லை.

மரண தண்டனையிலும் அப்படித்தான். 1979ல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் அதை மிகக் குறுகிய வட்டத்துக்குள் அடைத்தார். 1980ல் பச்சன் சிங் தீர்ப்பு அந்த வட்டத்தை ஏற்காமல், அரிதினும் அரிதான வழக்கு என்ற அளவுகோலை வைத்தது.

நாங்கள் பார்ப்பது இதை: அவருடைய கொள்கை தீர்ப்பில் வெளிப்படையாக, காரணத்தோடு எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் பின்வந்தவர்களால் அதை எடுத்துப் படித்து, மறுத்து, மாற்ற முடிந்தது. எழுதாமல் மறைத்து வைக்கும் சாய்வைத் திருத்த வழி கிடையாது.

முன்னாள் கட்சியின் வழக்கு தன் முன் வந்தால் நீதிபதி என்ன செய்ய வேண்டும்?

விலகுவது பற்றித் தனிச் சட்டம் இல்லை. முடிவு அந்த நீதிபதியுடையது. விலகினால், வழக்குக் கட்டு தலைமை நீதிபதிக்குப் போய் வேறு அமர்வு ஒதுக்கப்படும். உண்மையில் சாய்வு இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான மனிதருக்குச் சந்தேகம் வருமா என்பதே அளவுகோல்.

வழக்காடுபவர் செய்யும் பெரிய பிழை காத்திருப்பது. மானக் லால் வழக்கில் (1957), விசாரணைக் குழுத் தலைவர் முன்பு எதிர்த்தரப்புக்காக ஆஜரானவர் என்பதால் அவர் அமர்ந்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆட்சேபத்தை ஆரம்பத்திலேயே சொல்லாததால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கருதி மனுவைத் தள்ளியது. முதல் விசாரணை நாளிலேயே, மரியாதையான சொற்களில், எந்தத் தொடர்பு, எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இவரைப் போல வேறு யார் இருக்கிறார்கள்?

கே.எஸ். ஹெக்டே 1952 முதல் 1957 வரை மாநிலங்களவை காங்கிரஸ் உறுப்பினர். அங்கிருந்து நேராக மைசூர் உயர் நீதிமன்றம். 1967ல் உச்ச நீதிமன்றம். பாரபட்சம் பற்றிய முதன்மையான கிரைபாக் தீர்ப்பை (1969) எழுதியவர் அவரே. 1973ல் தாண்டப்பட்டுப் பதவி விலகி, 1977ல் மக்களவைக்கு வந்து சபாநாயகர் ஆனார். ஃபெர்டினோ ரெபெல்லோ கோவாவில் ஜனதா கட்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். பின்னர் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி, அலகாபாத்தில் தலைமை நீதிபதி.

பஹருல் இஸ்லாம் கதை வேறு மாதிரி. காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 1972ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சென்றார். 1980ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். 1982 டிசம்பரில், பிகாரின் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகன்னாத் மிஸ்ரா மீதான வழக்கைத் திரும்பப் பெறுவதை அனுமதித்த பெரும்பான்மைத் தீர்ப்பில் இடம்பெற்றார். 1983 ஜனவரியில் பதவி விலகிக் காங்கிரஸ் வேட்பாளராகி, மீண்டும் மாநிலங்களவை சென்றார். அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியோ தவறோ, சில வாரங்களில் கட்சி வேட்பாளராக நின்றது அதன்மீது அழியாத கறையை ஏற்றிவிட்டது. உள்ளே வரும் கதவைவிட வெளியே போகும் கதவுதான் அதிக ஆபத்தானது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அதற்கு இடைவெளி விதிக்கும் சட்டம் இன்றுவரை இல்லை.

2023ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கு இதோடு சேருமா?

சேரும். எல். விக்டோரியா கௌரியின் நியமனத்தை, அவரது பாஜக தொடர்பையும் சில பேச்சுகளையும் காட்டி வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். பிப்ரவரி 7ல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அன்றே அவர் கூடுதல் நீதிபதியாகப் பதவியேற்றார். மேலே சொன்ன தகுதி, பொருத்தம் என்ற பிரிவினைதான் அங்கேயும் முடிவைத் தந்தது.

ஓய்வுக்குப் பிறகு கிருஷ்ணய்யர் அரசியலுக்குத் திரும்பினாரா?

கட்சியில் சேரவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். எதிரே ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்துக்காரர், காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைக் கவனித்தவர். வாக்கு மதிப்பு வெங்கட்ராமனுக்கு 7,40,148, கிருஷ்ணய்யருக்கு 2,81,550. மற்றபடி மனித உரிமை, கைதிகள், சட்டச் சீர்திருத்தம் என்று கடைசிவரை பேசியும் எழுதியும் வந்தார். 1999ல் பத்ம விபூஷண். கேரள சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக 2009ல் அறிக்கை கொடுத்தார்.

தேர்வுகளில் அதிகம் தவறாக எழுதப்படுவது எது?

அவர் இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்ததே இல்லை. நெருக்கடி நிலைக்காலத்தில் காவலில் வைக்கப்பட்டோரின் ஆட்கொணர்வு உரிமை பற்றிய ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கின் அமர்விலும் இல்லை. மேனகா காந்தி வழக்கில் (1978) முதன்மைத் தீர்ப்பு நீதிபதி பி.என். பகவதியுடையது, கிருஷ்ணய்யர் எழுதியது உடன்படும் தனித் தீர்ப்பு. பகவதியும் அவரும் ஒரே நாளில் உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்றவர்கள் என்பதால் பெயர்கள் அடிக்கடி மாறிவிடும்.

அவர் தீர்ப்புகளின் ஆங்கிலம் கடினம் என்கிறார்கள். எதில் தொடங்குவது?

கடினம்தான். நீண்ட வாக்கியம், அரிய சொல், இலக்கிய மேற்கோள். மோதி ராமில் தொடங்குங்கள். சிறியது, கதை தெளிவானது. அடுத்து ரத்லாம். அதன்பிறகே சுனில் பத்ரா. ஒவ்வொன்றிலும் முதலில் கடைசிப் பக்கத்து உத்தரவைப் படித்து, யாருக்கு என்ன கிடைத்தது என்று குறித்துக்கொண்டு பிறகு முதலுக்கு வந்தால் வாதத்தின் ஓட்டம் பிடிபடும். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மேற்கோள் காட்டும்போது மட்டும் ஆங்கில மூலத்தையே பயன்படுத்துங்கள், நீதிமன்றத்தில் செல்லுபடியாவது அதுதான்.